கடல் பக்கம் ஓர் இழை

எம்ப்ராய்டரி மெசின் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்.

ஒரு நாள் வந்து உங்களோடு கதைக்கச் சொன்னீர்கள். எனக்கு ஆட்களுக்கு முன்னால் நின்று கதைக்க வராது. எழுதித் தருகிறேன் என்றேன். எழுதவும் பெரிதாக வராது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

கொக்கி வைப்பது எப்படி என்று நான் இதில் சொல்லப் போவதில்லை. அது புத்தகத்தில் இருக்கிறது. போனில் வீடியோவாகவும் இருக்கிறது. ஊசி கீழே போகும். மறுகா மேலே ஏறத் தொடங்கும்போது நூல் ஒரு சின்ன வளையமாகத் தளரும். அந்த நேரத்தில் கீழே சுற்றுகிற கொக்கியின் முனை வந்து அந்த வளையத்தைப் பிடிக்க வேண்டும். முந்தினாலும் பிடிக்காது, பிந்தினாலும் பிடிக்காது. ஊசியை விட்டுத் தூர நின்றால் தையல் தவறும். ஊசியில் முட்டினால் ஊசி ஒடியும். இவ்வளவுதான் விஷயம். மற்றதெல்லாம் திருகாணி.

நான் எழுத வந்தது வேறு.

முதலில் என் வெட்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தனியாக வேலை எடுக்கத் தொடங்கிய புதிது. மருதமுனையில் ஒரு கடையில் தையல் தவறுகிறது என்று கூப்பிட்டார்கள். மெசின் திருத்துகிறவனை அங்கே டொக்டர் என்பார்கள். போன கையோடு கீழ்த்தகட்டைக் கழற்றினேன். கொக்கியைத் தளர்த்தினேன். இரண்டு மணித்தியாலம் மாற்றி மாற்றி வைத்தேன். தவறிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்து நூல் வெட்டிய ஒரு ராத்தா, வயதில் மூத்த பெண், கடைசியில் மெல்லக் கேட்டா:

"டொக்டர், ஊசிட முதுகு முன்னால நிக்கிது போல. அது பரவாயில்லையா?"

ஊசியைத் திருப்பிப் போட்டேன். ஓடியது. அதற்குப் பிறகு அந்தத் தெருவால் போனால், டொக்டர் வாறார், ஊசியப் பாத்துக்கொள்ளுங்க என்று சிரிப்பார்கள். மூன்று வருஷம் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து எந்த மெசினிலும் முதலில் ஊசியைப் பார்ப்பேன். பார்க்கப் பழகினேன். கேட்கப் பழகவில்லை. இரண்டும் ஒன்று என்று நினைத்திருந்தேன். ஒன்றில்லை.

அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. நான் வேலை பழகியது கொழும்புப் பக்கம் ஒரு காமென்ட்ஸ் தொழிற்சாலையில். பழக்கியவர் சிங்கள மனிதர். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு அப்போது சிங்களம் தெரியாது. அவர் செய்வார், நான் பார்ப்பேன். நான் செய்யும்போது பிழையென்றால் என் கையைத் தட்டிவிடுவார். சரியென்றால் ஒன்றும் செய்ய மாட்டார். நாலு வருஷம் அப்படிப் போனது. நல்ல மனிதர். கடைசி நாள் எனக்குத் தன் ஸ்குரூ ட்ரைவர் ஒன்றைத் தந்தார். அதையும் பேசாமல்தான் தந்தார்.

ஆகவே எனக்கு இந்த வேலை கையில் இருந்தது, கண்ணில் இருந்தது. வாயில் இருக்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அது ஒரு குறை என்று எனக்குத் தெரியாது. என் மனுசிக்குத் தெரிந்திருந்தது. இந்த மனுசனுக்கு அல்லாஹ் வாயைச் சோறு தின்னத்தான் தந்திருக்கான் என்று வாறவர் போறவரிடமெல்லாம் சொல்லுவா.

நிந்தவூரில் ஒரு வீட்டில்தான் அந்தக் குறை எனக்குப் பிடிபட்டது. நான் வேலையை விடுவதற்கு இரண்டு வருஷம் முந்தி.

ஒரு புதன்கிழமை காலை ஒருவர் போன் எடுத்தார். மீன் லொறி வைத்திருக்கிறவர். அவருடைய தங்கச்சியின் வீட்டில் ஒற்றைத் தலை மெசின் ஒன்று இருந்தது. பன்னிரண்டு ஊசி. அபாயாவுக்குக் கையும் கழுத்தும் தைக்கிற மெசின். தங்கச்சியின் மாப்பிள்ளைதான் ஓட்டிக்கொண்டிருந்தவர். அவர் திடீரென்று நெஞ்சு நொந்து மௌத்தாகி ஒன்றரை மாதம். மெசின் சும்மா நின்றது. பிறகு தங்கச்சி தானாக ஓட்டிப் பார்த்திருக்கிறா. துணி பிடிக்கிற சட்டத்தில் ஊசி அடித்து ஒடிந்து, மெசின் இறுகி, அதற்குப் பிறகு ஒரு தையலும் விழவில்லை.

உங்களில் முஸ்லிம் இல்லாத சொறிக்கல்முனை, பாண்டிருப்புப் பிள்ளைகளும் இருக்கிறீர்கள். அதனால் இதைச் சொல்கிறேன். மாப்பிள்ளை மௌத்தானால் எங்கள் பெண்கள் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பார்கள். வீட்டை விட்டு வெளிக்கிட மாட்டார்கள். வெளி ஆண்களுக்கு முன்னால் வர மாட்டார்கள். அவசியமென்றால் திரைக்குப் பின்னால் இருந்து கதைக்கலாம்.

நான் போனேன். வீடு தெருவில் இருந்து கடற்கரைக்குப் போகிற ஒழுங்கையில். தமையன் விறாந்தையில் இருந்தார். அவருடைய உம்மாவும் நின்றா. மெசின் முன் அறையில். அறை வாசலில் தடித்த திரை. தங்கச்சி அதற்குப் பின்னால்.

நான் சொன்னேன், மகள் உள் அறைக்குப் போகட்டும், தம்பி என்னோடு இருக்கட்டும், அரை மணித்தியால வேலை என்று. தமையனுக்கு அது சரியாகப் பட்டது. உம்மா உள்ளே போய்க் கேட்டுக்கொண்டு வந்தா.

"வேணாமாம். நீங்க இஞ்ச இருந்து சொல்லட்டாம். அவ செய்வாவாம்."

தமையன் சிரித்தார். "இதென்ன உம்மா, இடியப்பம் புழியிற வேலையா?"

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. மெல்லிய குரல். ஆனால் நடுங்கவில்லை. என்னைச் சித்தப்பா முறையில் சாச்சா என்று கூப்பிட்டா.

"சாச்சா, இண்டைக்கு நீங்க செஞ்சு தந்தா இண்டைக்கு ஓடும். வாற கிழம ஒடிஞ்சா?"

"அதத்தான் நானும் சொல்றன்," என்றார் தமையன். "வாற கிழம ஒடிஞ்சா?"

ஒரே கேள்வி. இரண்டு பேருக்கும் இரண்டு அர்த்தம்.

தமையன் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுக் குரலைக் குறைத்துச் சொன்னார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் சம்மாந்துறையில் இருந்து ஒருவர் மெசினை வாங்க வருகிறார். ஓடுகிற நிலையில் இருந்தால் கொண்டுபோய்விடுவார். ஊசி ஒடிகிற ஒவ்வொரு தரமும் ஓர் ஆம்புளையைக் கூப்பிட வேண்டிய சாமானை ஒரு பொம்புளப் பிள்ளை தனியாக வைத்து என்ன செய்கிறது. இரண்டு சின்னப் பிள்ளைகள் வேறு. அவர் கெட்ட மனிதர் இல்லை. கதைக்கும்போது கண் கலங்கியிருந்தது. கடைசியில் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்:

"நான் இவவுக்கும் புள்ளையளுக்கும் சோறு போடாம விடுவனா?"

உள்ளே கேட்டுவிட்டது. அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவா.

"சோத்துக்கு இல்ல காக்கா. அந்தச் சத்தம் இல்லாம இந்த ஊட்டுக்குள்ள என்னால இரிக்க ஏலாது."

 உம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தா. தமையன் போனை எடுத்து, வராத ஓர் அழைப்பைப் பார்த்தார்.

நான் திரையைப் பார்த்துச் சொன்னேன். "சரி மகள். கீழ்த்தகட்டக் கழட்டுங்க."

சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

உண்மையாகத்தான். என் கை அடுத்ததைச் செய்யத் தயாராக இருந்தது. வாயில் சொல் இல்லை. கண்ணை மூடி, கையைக் காற்றில் பிடித்து, மெசின் இருப்பதாக நினைத்துச் செய்து பார்த்தேன். என் கை செய்வதைப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். கீழ் நூல் இருக்கிற கேசைக் கழற்றுங்கள். முதலாம் ஊசியில் வையுங்கள். பின்னால் இருக்கிற சக்கரத்தைக் கையால் கிறுக்கி, டிகிரி இருநூறு காட்டுகிற இடத்தில் நிற்பாட்டுங்கள். தமையன் என்னைக் காட்டி உம்மாவிடம் சொன்னார், இந்தக் காக்கா காத்துல மெசின் திருத்துறார், அந்த மெசினுக்கும் ஒரு பிளேன்டீ போடுங்க என்று.

இருநூறில் நிற்பாட்டினா. கொக்கியின் மூன்று திருகாணியையும் தளர்த்தினா. முனை எங்கே நிற்கிறது என்று கேட்டேன். ஊசியைத் தாண்டி நிற்கிறது என்றா.

"எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம்."

"அப்ப இடப்பக்கம் கொண்டுவாங்க."

"எனக்கு இடமா, மெசினுக்கு இடமா சாச்சா?"

நான் பதில் சொல்லுமுன் அவ கொண்டுவந்துவிட்டா. மற்றப் பக்கம். மறுகா திருப்பச் சொன்னேன். நான் இருந்தது மெசினுக்கு எதிரே, திரைக்கு இந்தப் பக்கம். என் இடம் அவவுக்கு வலம். நாலைந்து தரம் இப்படிப் போனது. நான் வலம் என்கிறேன், அவ இடம் போகிறா. தமையன் கதிரையில் சாய்ந்துகொண்டு முகட்டைப் பார்த்தார்.

அவதான் வழி கண்டுபிடித்தா.

"சாச்சா, கடல் பக்கம், வயல் பக்கம் எண்டு சொல்லுங்க."

எங்கள் ஊர்களில் கண்ணைக் கட்டி விட்டாலும் கடல் எந்தப் பக்கம், வயல் எந்தப் பக்கம் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். தெருவோடு போனால் ஒரு முனை கல்முனை, மறு முனை அக்கரைப்பற்று. அதில் ஆளுக்கு ஆள் மாறுகிறது ஒன்றுமில்லை. அவ கல்முனைப் பக்கம் பார்த்துக்கொண்டு மெசினுக்கு முன்னால் இருக்கிறா. கொக்கி முனை கடல் பக்கம் தாண்டி நிற்கிறது. நான் சொன்னேன்:

"வயல் பக்கம் கொண்டுவாங்க. மெல்ல. ஊசிக்கு நடுவுல நிக்கணும்."

"கூடிட்டு."

"அப்ப கடல் பக்கம் ஓர் இழை."

"நிண்டிட்டு சாச்சா."

இப்போது இடைவெளி. கொக்கி ஊசிக்கு எவ்வளவு கிட்ட நிற்க வேண்டும் என்பது. கொப்பித் தாள் ஒன்று நடுவில் புகுந்து வர வேண்டும், இரண்டு புகக்கூடாது என்றேன். உம்மா பிள்ளையின் கொப்பியில் ஒரு தாள் கிழித்துக் கொடுத்தா. தங்கச்சி வைத்துப் பார்த்தா. சரி என்றா. திருகாணியை இறுக்கச் சொன்னேன். இறுக்கும்போது கொக்கி நகரும், திரும்பப் பாருங்கள் என்றேன். நகர்ந்திருந்தது. மறுகா தளர்த்தி, மறுகா வைத்தா. மூன்றாம் தரம் சரிவந்தது.

மெசினைப் போட்டா. முதலாம் ஊசியில் கறுப்பு நூல். தையல் விழுந்தது. அந்தச் சத்தம் ஒழுங்கையில் கேட்டிருக்கும். உம்மா அல்ஹம்துலில்லாஹ் என்றா. தமையன் நிமிர்ந்து இருந்தார்.

பிறகு மெசின் அடுத்த நிற நூலுக்கு மாறியது. தலை நகருகிற சத்தம். அடுத்த கணம் டக் என்று ஒரு சத்தம். மெசின் நின்றுவிட்டது.



உம்மா திரையைத் தள்ளிக்கொண்டு ஓடினா. நானும் தமையனும் எழும்பி நின்றோம். திரை வரைக்கும் போய் நான் நின்றுவிட்டேன். என் வாழ்க்கையில் ஆகக் கூடுதலாக நீண்ட நிமிஷம் அதுதான். ஒடிந்த ஊசி கண்ணில் பட்டு ஒரு பிள்ளையின் பார்வை போனதை நான் காமென்ட்ஸில் பார்த்திருக்கிறேன்.

உம்மாவின் குரல் வந்தது. நெற்றியில் பட்டிருக்கு, கண்ணில் இல்லை, ஒரு பொட்டு ரத்தம்தான் என்று.

தமையன் திரும்பக் கதிரையில் இருக்கவில்லை. "போதும். காக்கா, அவ உள்ள போகட்டும். நீங்க போய்ச் செய்ங்க. நான் அப்பவே சொன்ன. இது இவவால ஏலாது."

உள்ளே ஸ்குரூ ட்ரைவரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அவவும் அப்படித்தான் நினைத்திருப்பா என்று எனக்குப் பட்டது.

நான் கேட்டேன், "மகள், ஒடிஞ்சது எத்தனையாம் ஊசி?"

"ஆறு."

"ஆறில என்ன நூல்?"

"தங்க நூல்."

அவ்வளவுதான். எனக்கு விளங்கிவிட்டது. தங்க நூலுக்குத் தடித்த ஊசி போடுவார்கள். காது பெரிதாக இருக்க வேண்டும். நான் இடைவெளி வைக்கச் சொன்னது முதலாம் ஊசியில். அது மெல்லிசு. மெல்லிய ஊசிக்கு வைத்த இடத்தில் தடித்த ஊசி வந்தால் கொக்கியில் முட்டாமல் என்ன செய்யும். உள்ளே போயிருந்தால் நான் பன்னிரண்டு ஊசியையும் ஒரு பார்வை பார்த்திருப்பேன். பார்க்க முடியாதபோது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நான் பேசாமல் இருந்திருக்கலாம். பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கம். உள்ளே போய்த் திருத்தி, கையைத் துடைத்துக்கொண்டு வந்திருக்கலாம். ஒருவரும் என்னைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பிழை அந்தப் பிள்ளையின் பேரில் நின்றிருக்கும். வெள்ளிக்கிழமை மெசின் போயிருக்கும்.

தமையனைப் பார்த்துச் சொன்னேன். "தம்பி, பிழை உங்கட தங்கச்சிட இல்ல. என்ட. நான் சொன்னத அவ சரியாச் செஞ்சா. நான் சொன்னது பிழை."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். முப்பது வருஷ மெக்கானிக் இப்படிச் சொல்வதை அவர் எதிர்பார்க்கவில்லை. பிறகு கதிரையில் இருந்தார்.

திரையைப் பார்த்துக் கேட்டேன், இன்னும் ஒருக்காச் செய்வீங்களா என்று.

 பிறகு தகடு கழற்றுகிற சத்தம் கேட்டது.

உம்மாவிடம் பிள்ளையின் விளையாட்டு மூக்குக்கண்ணாடி ஒன்றை எடுத்துக் கொடுக்கச் சொன்னேன். முகத்தில் ஏதாவது இருக்கட்டும் என்று. பிறகு கொக்கி முனையை நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னேன். நகம் பிடிக்குதா? பிடிக்கவில்லை என்றா. நல்லம், முனைக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது ஆறில் புது ஊசி போட்டு, அதில் வையுங்கள் என்றேன். ஆகத் தடித்த ஊசி எதுவோ அதில் வைக்க வேண்டும். கொக்கியை ஊசியை விட்டுக் கல்முனைப் பக்கம் ஓர் இழை தள்ளுங்கள். தாளை விட்டுப் பாருங்கள். தடித்ததில் வைத்துவிட்டு மெல்லிசிலும் பிடிக்குதா என்று பாருங்கள்.

அவ கேட்டா, தாள் போகுது, ஆனா எவ்வளவு தளர்வாப் போகணும் என்று.

நல்ல கேள்வி. கையில் பிடித்தால் தெரியும். சொல்லில் எப்படிச் சொல்கிறது. நான் யோசித்தேன். இழுத்தால் வர வேண்டும், கிழியக்கூடாது என்றேன். அது முழுதாக இல்லை என்று எனக்கே தெரிந்தது. கிட்ட நிற்க வேண்டும், ஆனால் தொடக்கூடாது, தொடாமல் எவ்வளவு கிட்ட வரலாமோ அவ்வளவு என்றேன். அதுவும் வந்து வந்து சுற்றியது.

அவ சொன்னா:

"ஊசிட காதுக்குள்ள கதை சொல்ற மாதிரியா சாச்சா? கிட்ட வரணும். முட்டப்படாது."

"ஓம் மகள். அதுதான்."

"விளங்கிட்டு." பிறகு மெல்லச் சொன்னா. "மெசின் ஓடக்குள்ள அவர் அப்பிடித்தான் கதைப்பார். சத்தத்துல வேற மாதிரிக் கேக்காது."

தமையன் தலையைக் குனிந்துகொண்டார்.  

இத்தனை வருஷம் இந்த வேலை செய்தேன். ஊசிக்குக் காது என்றுதான் நாங்கள் எல்லாரும் சொல்கிறோம். அந்தச் சொல்லில் இவ்வளவு இருக்கிறது என்று எனக்கு ஒருநாளும் பட்டதில்லை.

மத்தியானத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லுமுன் மெசின் ஓடியது. கறுப்பு ஓடியது. நிறம் மாறித் தங்கம் ஓடியது. நான் எழும்பினேன். தமையன் வாசல் கடப்பு வரைக்கும் வந்தார். மனம் மாறிவிட்டார் என்று நினைத்தேன். மாறவில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

"இண்டைக்கு நீங்க வெளியில இரிந்தீங்க காக்கா. நீங்க இல்லாட்டி? வெள்ளிக்கிழம அவர் வரட்டும். நீங்களும் வாங்க. மெசினப் பத்தி உள்ளதச் சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை போனேன். சம்மாந்துறையில் இருந்து வந்தவர் வெள்ளைச் சட்டை போட்ட, சிரித்துக் கதைக்கிற மனிதர். நாங்கள் மூன்று பேரும் விறாந்தையில் இருந்தோம். மெசின் எப்படி என்று என்னிடம் கேட்டார். நல்ல மெசின் என்றேன். பொய் சொல்ல ஏலாது. ஓட்டிக் காட்டச் சொன்னார். உம்மா உள்ளே சொல்ல, திரைக்குப் பின்னால் மெசின் ஓடத் தொடங்கியது. அபாயா கை ஒன்று, ஆர்டர் வேலை. அவ அதை விற்பனைக்கு ஓட்டிக் காட்டவில்லை. தன் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தா.

வந்தவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். நல்ல சத்தம் என்றார்.

கொஞ்ச நேரத்தில் டக்.

அவ செய்த பிழை ஒன்றுமில்லை. அபாயாக் கையின் தடித்த மடிப்பில் ஊசி இறங்கியிருக்கும். எந்தக் கடையிலும் நடக்கிறது. மெசின் நின்றது. ஒழுங்கை அமைதியாகியது.

தமையன் என்னைப் பார்த்தார். வந்தவரும் பார்த்தார். காக்கா ஒருக்காப் பாருங்களேன், தங்கச்சி உள்ளுக்குப் போகட்டும் என்றார் வந்தவர். மரியாதையாகத்தான் சொன்னார்.

என் கால் எழும்பிவிட்டது. நான் சொல்கிறேன், அந்தக் கதிரையில் இருப்பதுதான் இந்த வேலையில் நான் செய்த ஆகக் கஷ்டமான காரியம். கையில் வேலை தெரிந்தவனுக்குச் சும்மா இருக்க ஏலாது. ஒரு நிமிஷத்தில் முடிக்கக் கூடியதை இன்னொருவர் அரை மணித்தியாலம் தடவும்போது பார்த்துக்கொண்டு இருக்க ஏலாது. அதிலும் நான் பார்க்கவும் இல்லை. கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எழும்பினால் மெசின் ஓடும். எழும்பினால் மெசின் போய்விடும். இரண்டும் தெரிந்தது.

இருந்தேன்.

தகடு கழற்றுகிற சத்தம். பிறகு நெடுநேரம் ஒன்றும் இல்லை. நகத்தால் தடவிப் பார்க்கிறாவாக்கும் என்று நினைத்தேன். ஸ்குரூ ட்ரைவர் கீழே விழுந்தது. எடுத்தா. சக்கரம் கிறுகுகிற சத்தம், கொஞ்சம், நின்று, மறுகா கொஞ்சம். வந்தவருக்கு வந்த தேத்தண்ணி ஆறிவிட்டது. அவர் மணியைப் பார்த்தார். தமையனின் போன் அடித்தது. லொறியாக இருக்கும். அவர் எடுக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய உதடு அசைந்தது. துஆ ஓதினாரோ தெரியாது. எதற்கு ஓதினார் என்றும் எனக்குத் தெரியாது.

உள்ளே இருந்து ஒரு கேள்வியும் வரவில்லை. சாச்சா என்று ஒரு சொல் வந்திருந்தால் நான் வாய் திறந்திருப்பேன். வரவில்லை.

மெசின் ஓடியது. கறுப்பு.  தலை நகர்ந்தது. தங்கம். ஓடியது. நின்று, நிறம் மாறி, மறுகா ஓடியது.

வந்தவர் ஆறின தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தார். "மெசின் எனக்குப் பிடிச்சிரிக்கி. நீங்க சொல்லுங்க," என்றார் தமையனிடம்.

தமையன் அவருக்குப் பதில் சொல்லவில்லை. என்னிடம்தான் கேட்டார்.

"காக்கா, நீங்க ஏன் எழும்பல்ல?"

"கூப்பிடல்ல."

தம்பிமாரே, தங்கச்சிமாரே, எனக்குத் தெரிந்ததை இதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. செய்யத் தெரிந்ததைச் சொல்லவும் பழகுங்கள். பார்க்க முடியாத இடத்தில் கேளுங்கள். உங்கள் பிழையை இன்னொருவரின் பேரில் விட்டுவிட்டு வராதீர்கள். கூப்பிட்டால் ஓடிப் போங்கள். கூப்பிடாவிட்டால் கதிரையில் இருங்கள்.

தமையன் எழும்பினார். வந்தவரிடம் மன்னிப்புக் கேட்டார், வீணாக அலைய வைத்துவிட்டேன் என்று. அந்த மனிதர் நல்லவர். கோபிக்காமல் கை கொடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார். தமையன் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். மெசின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலால் அவர் கத்திக் கேட்டது விறாந்தைக்குக் கேட்டது.

"நாளைக்குக் கல்முனைக்குப் போறன். என்னென்ன நூல் வேணும்?"

அவ மெசினை நிற்பாட்டவில்லை. அவ சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை. அவர் காதுக்குக் கிட்டப் போய்ச் சொல்லியிருப்பா. கொஞ்ச நேரத்தில் தமையன் ஒவ்வொரு நிறமாகத் திருப்பிச் சொல்லிப் பாடமாக்குகிற சத்தம் கேட்டது. கறுப்பு நாலு. சாம்பல் இரண்டு. மரூன். தங்கம்.

நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன்.